கிடை போட்ட கழனியும் கீழே இறங்கும் உப்பும்

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். சம்பந்தர் பாடிய தலம். இந்தப் பக்கத்தில் ஆடி, ஆவணி இரவுகளில் திடீரென்று இடி இடித்து மழை கொட்டிவிட்டுப் போகும். மறுநாள் காலையில் ஏதாவது ஒரு வீட்டுப் பின்பக்கம் குவித்துவைத்திருக்கும் எருவைக் கவனியுங்கள். குவியலின் அடியிலிருந்து வடிகட்டாத டீயின் நிறத்தில் ஒரு நீர் மெல்லக் கசிந்து, தெருவோரப் பள்ளத்தில் தேங்கி நிற்கும். அந்த எருவை வண்டிவைத்துக் கழனிக்கு அடித்து, கூலி கொடுத்து இறைக்கப் போகிறார்கள். அதற்குள் அதன் சாரத்தில் ஒரு பங்கு பள்ளத்துக்குப் போய்விட்டது.

இது கண்ணுக்குத் தெரியும் இழப்பு. அதனால் யாராவது ஒருவர் மனசு கேட்காமல் ஒரு தார்ப்பாயாவது இழுத்துப் போடுவார். நிறமும் மணமும் இல்லாத இன்னொரு இழப்பு உண்டு. எருவும் ஆட்டுக்கிடையும் போட்ட கழனியின் வேர் எட்டும் ஆழத்தைத் தாண்டி, மழைநீரோடு ஓர் உப்பு இறங்கிக்கொண்டே இருக்கிறது. யாரும் அதைப் பார்ப்பதில்லை. பயிர் வெளுத்து நிற்கும்போது 'எரு பத்தவில்லை' என்று சொல்லி இன்னும் நான்கு வண்டி அடிப்பதுதான் வழக்கம்.

கதையை மாட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். வேளாண் பாடநூல்களில் உள்ள கணக்குப்படி மாட்டுச் சாணத்தில் நூற்றுக்கு அரைப் பங்கைவிடக் குறைவாகத்தான் தழைச்சத்து. கோமியத்திலோ ஏறத்தாழ ஒரு பங்கு. ஒரு மாடு நாளைக்குப் பத்துக் கிலோ சாணமும் எட்டு லிட்டர் கோமியமும் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சாணத்தில் 40 கிராம் தழைச்சத்து, கோமியத்தில் 80 கிராம். சாம்பல் சத்திலும் பெரும்பங்கு கோமியத்தில்தான். வருஷத்துக்கு என்று பார்த்தால் ஒரே மாட்டின் கோமியத்தில் 29 கிலோ தழைச்சத்து. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 21 கிலோவுக்கும் கீழேதான். கூடையில் அள்ளிப் பத்திரப்படுத்துவது என்னவோ சாணத்தை. மூன்றில் இரண்டு பங்கு கொட்டகைத் தரையில் ஊறி, அல்லது சிமென்ட் தரையாக இருந்தால் சாக்கடையில் ஓடி, கணக்கில் வராமலே போகிறது.

கோமியத்தில் உள்ள தழைச்சத்தின் பெரும்பகுதி யூரியா. கடையில் மூட்டையில் வருகிறதே, அதே மூலக்கூறு. மண்ணில் விழுந்த ஓரிரு நாளில் நுண்ணுயிர்களின் நொதி அதை அம்மோனியாவாக உடைத்துவிடும். மாட்டுக்கொட்டகையில் விடியற்காலையில் மூக்கில் ஏறும் நெடி அதுதான். அந்த நெடியே ஓர் இழப்புத்தான், மேல்நோக்கிய இழப்பு. காற்றில் போகாமல் மண்ணில் தங்கியது ஈரத்தோடு சேர்ந்து அம்மோனியம் ஆகிறது. இதுவரை ஆபத்தில்லை. களிமண் துகள்கள் எதிர்மின்னேற்றம் கொண்டவை, அம்மோனியம் நேர்மின்னேற்றம் கொண்டது. ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். மழை பெய்தாலும் சுலபத்தில் கழன்று வராது.

ஆனால் மண் அதை அப்படியே விட்டுவைப்பதில்லை. 1877இல் பிரான்சில் தியோஃபில் ஷ்லோசிங், அஷில் முன்ட்ஸ் என்ற இரண்டு வேதியியலாளர்கள் ஒரு மீட்டர் நீளக் கண்ணாடிக் குழாயில் மணலும் சுண்ணாம்புக்கல் பொடியும் நிரப்பி, அதன் வழியாகச் சாக்கடை நீரை மெதுவாக வடியவிட்டார்கள். உள்ளே போன நீரில் அம்மோனியா. இருபது நாள்வரை வெளியே வந்ததும் அம்மோனியாதான். அதற்குப் பிறகு வெளியே வரும் நீரில் நைட்ரேட் தென்பட ஆரம்பித்து, நாளாக நாளாகக் கூடிக்கொண்டே போனது. வெறும் ரசாயன வினை என்றால் முதல் நாளே நடந்திருக்க வேண்டும். இருபது நாள் எதற்குக் காத்திருக்கிறது? குழாய்க்குள் கொஞ்சம் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்திப் பார்த்தார்கள். நைட்ரேட் நின்றுபோனது. அதை வெளியேற்றிவிட்டுத் தோட்டத்து மண்ணைக் கரைத்த நீரைக் கொஞ்சம் ஊற்றியதும் வேலை மறுபடி தொடங்கியது. மயக்க மருந்துக்கு அடங்குகிறது என்றால் அது உயிருள்ளது. அந்த உயிரை 1890 வாக்கில் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார் செர்கேய் வினோகிராட்ஸ்கி. அம்மோனியத்தை எரித்து அந்த ஆற்றலில் பிழைக்கும் பாக்டீரியாக்கள் அவை. மாகறல் கழனியிலும் காற்றோட்டமான ஈர மண்ணில் அவற்றின் இனம்தான் இரவும் பகலும் வேலை செய்கிறது.

அவை கழித்துவிடும் நைட்ரேட் எதிர்மின்னேற்றம் கொண்டது. களிமண்ணும் எதிர்மின்னேற்றம். பிடிப்பு விட்டுப்போய்விட்டது. இனி நீர் எங்கே போகிறதோ அங்கேதான் அதுவும்.

இந்தக் குணத்தை வைத்து ஒரு காலத்தில் பெரிய வியாபாரமே நடந்திருக்கிறது. வெடிமருந்தில் நான்கில் மூன்று பங்கு வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட். அது சுரங்கத்திலிருந்து வரவில்லை. மாடு கட்டும் இடத்து மண்ணிலிருந்து வந்தது. மழை ஓய்ந்து வெயில் ஏறும்போது ஈரம் மேலே இழுக்கப்பட்டு ஆவியாகும், நைட்ரேட் வெள்ளைப் பூச்சாகத் தரையிலும் மண்சுவரின் அடியிலும் தங்கும். பீகாரில் நுனியா சமூகத்தார் அந்த மண்ணைச் சுரண்டி, மண்தொட்டியில் கெட்டித்து, மேலே நீர் ஊற்றி, அடியில் வடிவதைக் காய்ச்சி உப்பெடுத்தார்கள். தமிழ்நாட்டில் உப்பிலியர் செய்த வேலையும் அதுவே. ஐரோப்பியக் கம்பெனிகள் பாட்னாவில் கிடங்கு வைத்து இதைக் கப்பலேற்றின. பிளாசிப் போருக்குப் பிறகு, 1758இல், பீகார் வெடியுப்பின் தனியுரிமை ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போனது. உலகத்துப் பீரங்கிகளில் பாதிக்கு நம் மாட்டுக்கொட்டகைகள் தீனி போட்டன என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ரொம்ப மிகையில்லை. அந்தத் தொட்டியில் அவர்கள் வேண்டுமென்றே செய்த வேலையைத்தான் நம் கழனியில் மழை கூலியில்லாமல் செய்கிறது. வடிவதைப் பிடிக்கத்தான் அடியில் பானை இல்லை.

இயற்கை வேளாண்மை செய்கிறவர்களிடம் இதைப் பேசினால், 'அதெல்லாம் யூரியா போடுகிறவர்கள் பிரச்சினை' என்று ஒரு பதில் வரும். மேடைகளிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். நைட்ரேட்டுக்குத் தான் மூட்டையிலிருந்து வந்தோமா ஆட்டுப் புழுக்கையிலிருந்து வந்தோமா என்பது தெரியாது. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1870இல் ஓர் ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள மூன்று மண்கட்டிகளைக் கலைக்காமல் அப்படியே சுவர் கட்டிப் பிரித்து, அடியில் வடியும் நீரைப் பிடித்து அளந்தார்கள். அவற்றில் பயிர் இல்லை, களை இல்லை, எந்த உரமும் போடவில்லை. அப்படியும் வருஷத்துக்கு வருஷம், பல பத்தாண்டுகள், நைட்ரேட் ஒழுகிக்கொண்டே இருந்தது. மண்ணில் ஏற்கெனவே இருந்த மக்கு சிதைந்து தருவது அது. குடிக்க வேர் இல்லாததால் கீழே போனது. அதே நிலையத்தின் பிராட்பாக் வயலில் 1843 முதல் ஹெக்டேருக்கு 35 டன் தொழுவுரம் இட்டுவரும் பாத்தி ஒன்று உண்டு. அளவான ரசாயன உரம் இட்ட பாத்திகளைவிட அதிக நைட்ரேட் ஒழுகுவது அதிலிருந்துதான். எருவைக் குறை சொல்ல இதை எடுத்துப் பேசவில்லை. அந்தப் பாத்தியின் மண் மற்றவற்றைவிடப் பல மடங்கு உயிரோட்டமுள்ளது. அதனால்தான் பயிர் இல்லாத நாளிலும் அது ஊட்டத்தை விடுவித்துக்கொண்டே இருக்கிறது.

நம் ஊர்ப் பரிந்துரை நெல்லுக்கு ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம். அதில் தழைச்சத்து அரை சதவீதம் என்றால் 62 கிலோ சொச்சம். முதல் பயிருக்குக் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்கும் இல்லை. மிச்சம் எங்கும் போய்விடாது, மண்ணில்தான் இருக்கிறது. எப்போது விடுவிக்கப்படும் என்பதை ஈரமும் வெப்பமும் முடிவு செய்யும், பயிரின் பசி முடிவு செய்யாது.

ஆகவே, எவ்வளவு எரு போட்டோம் என்பதைவிட, அது நைட்ரேட்டாக மாறுகிற வாரங்களில் அந்த இடத்தில் உயிருள்ள வேர் இருந்ததா என்பதுதான் பெரிய கேள்வி.

காஞ்சிபுரம் பக்கத்துப் பட்டங்களை வைத்து இதைப் பார்க்கலாம். மார்கழி, தையில் நட்ட நவரை சித்திரைக்குள் அறுப்பாகிவிடும். கிணற்றிலோ போரிலோ நீர் இருப்பவர்கள் சொர்ணவாரி வைப்பார்கள். இல்லாதவர்கள் கழனியைக் காயப்போடுவார்கள். ஆவணி, புரட்டாசியில் சம்பா நடவு. வைகாசி முதல் ஆவணிவரை காய்ந்து கிடக்கும் கழனியில்தான் கிடை வருகிறது. செம்மறிக் கூட்டத்தோடு ஆட்டுக்காரர்கள் வந்து, இரவுக்கு இவ்வளவு என்று நெல்லோ பணமோ பேசி, பட்டி அடைத்து ஆடுகளைப் படுக்கவைப்பார்கள். ஆட்டெரு மாட்டெருவைவிடக் கெட்டியானது. உலர்ந்த கணக்கில் மூன்று சதவீதம்வரை தழைச்சத்து. அதைவிட முக்கியம், ஆடு விடும் மூத்திரம் நேராக மண்ணிலேயே விழுகிறது. அள்ள வேண்டாம், வண்டி வேண்டாம். விலங்கின் கழிவை வயலுக்குக் கொண்டுசேர்க்க மனிதன் கண்டுபிடித்த வழிகளிலேயே செலவு குறைந்தது இதுவாகத்தான் இருக்கும்.

அப்புறம் என்ன ஆகிறது? கோடை மழை ஒன்று பெய்யும். காய்ந்த மண் நனைந்ததும் நுண்ணுயிர்கள் ஒரே மூச்சில் விழித்துக்கொள்ளும். மண் எவ்வளவு நன்றாகக் காய்ந்திருந்ததோ அந்த அளவுக்கு நனைந்ததும் மக்கு வேகமாகச் சிதைகிறது என்று கென்யாவில் எச். எஃப். பர்ச் 1958இல் எழுதினார். மண் அறிவியலில் அவர் பெயராலேயே அந்த விளைவைச் சொல்கிறார்கள். கோடை உழவும் பொன்னுழவும் நல்லது என்று நம் ஆட்கள் சொல்வதில் இதற்கும் பங்கிருக்கிறது. முதல் மழை நைட்ரேட்டை உண்டாக்கும். இரண்டாவது, மூன்றாவது மழை அதைக் கீழே தள்ளும். கழனியில் பச்சை என்று சொல்ல வரப்போரத்துக் கோரை மட்டும். ஆவணியில் தண்ணீர் கட்டிச் சேடை ஓட்டும்போது, வைகாசிக் கிடையின் சாரத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

பிலிப்பைன்ஸில் லாஸ் பானோஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1980களின் கடைசியிலும் அதை அடுத்த சில ஆண்டுகளிலும் இதே கேள்வியைக் கேட்டது. நெல்லுக்கு நெல் நடுவே வயல் காய்ந்து கிடக்கும் மாதங்களில் மண்ணில் நைட்ரேட் சேர்ந்துகொண்டே போகிறது. அடுத்த நெல்லுக்கு நீர் கட்டியதும் சில நாளிலேயே அது மண்ணில் இல்லை. ஒரு பங்கு ஆழத்துக்கு இறங்குகிறது. இன்னொரு பங்கு, காற்றில்லாத சேற்றில் வேறு பாக்டீரியாக்கள் அதன் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ள, வாயுவாகி மேலே போகிறது. இடைக்காலத்தில் களையோ பயறோ ஏதோ ஒன்று வளரவிட்ட வயல்களில் இந்த இழப்பு குறைந்தது. செடி அந்த நைட்ரேட்டைக் குடித்துத் தன் உடம்பில் வைத்துக்கொண்டது. சேடையில் மிதிபட்டு அழுகியபோது நெல்லுக்கே திருப்பிக் கொடுத்தது. களையும் அந்த நாட்களில் ஒரு வேலை செய்கிறது என்பது, களையெடுத்தே முதுகு வளைந்தவர்களுக்குக் கொஞ்சம் எரிச்சலூட்டும் செய்திதான்.

நம் ஊரில் அந்த வேலைக்குப் பழகிய ஆள் தக்கைப்பூண்டு. சணப்பும் உண்டு, கொழிஞ்சியும் உண்டு. தண்ணீர் தேங்கினாலும் தாங்குவதால் ஏரிப் பாசனக் கழனிக்குத் தக்கைப்பூண்டு தோது. கிடை போட்ட கையோடு உழுதுவிட்டு, முதல் கோடை மழை ஈரத்தில் அதை விதைத்துவிட்டால், நாற்பது நாற்பத்தைந்து நாளில் இடுப்பளவு பச்சை நிற்கும். பசுந்தாள் உரம் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்து மண்ணுக்குத் தருகிறது என்றுதான் பள்ளிப் பாடத்தில் படித்தோம். அது முழுக் கதையில்லை. மண்ணில் நைட்ரேட் தாராளமாகக் கிடைத்தால் பயறுவகைச் செடி வேர்முடிச்சு வேலையைக் குறைத்துக்கொண்டு, கிடைப்பதை எடுத்துச் சாப்பிடும். காற்றிலிருந்து எடுப்பதற்குச் செடிக்கு ஆகும் செலவு அதிகம். கிடை போட்ட கழனியில் தக்கைப்பூண்டைப் பிடுங்கிப் பார்த்து 'முடிச்சே இல்லையே, வீண்' என்று யாரும் நினைக்க வேண்டாம். அங்கே அதன் வேலை சம்பாதிப்பதில்லை, சிந்தியதைப் பொறுக்குவது. டென்மார்க்கில் அறுப்புக்குப் பிறகு இப்படி ஒரு பயிர் வைப்பதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறார்கள்.

கிடையிலேயே கவனிக்க வேண்டிய விஷயங்களும் இருக்கின்றன. ஒரு விலங்கு ஒரே இடத்தில் விடும் மூத்திரம் அந்தத் திட்டுக்கு எவ்வளவு தழைச்சத்து தருகிறது என்பதை நியூசிலாந்தில் நிறைய அளந்திருக்கிறார்கள்; ஊரே மேய்ச்சல் நிலம், ஏரிகள் கெட்டுப்போகின்றன என்ற கவலை அவர்களுக்கு. மாட்டு மூத்திரத் திட்டு ஒன்றின் கணக்கை ஹெக்டேருக்கு விரித்தால் 500 கிலோவைத் தாண்டி 1,000 கிலோவரை போகிறது. சம்பா நெல்லுக்குப் பரிந்துரையே 150 கிலோதான். அந்தத் திட்டில் நிற்கும் எந்தப் பயிராலும் அவ்வளவையும் தின்ன முடியாது. ஆகவே பட்டியைத் தினமும் நகர்த்துவது சோம்பலில்லாத ஆட்டுக்காரனின் பெருமை மட்டுமில்லை. ஒரே இடத்தில் இரண்டு ராத்திரி அடைத்தால் இரண்டாவது ராத்திரியின் சத்து பெரும்பாலும் கிணற்றுக்குத்தான். நிலக்காரர் அந்த இரவுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்திருப்பார்.

வேப்பம் புண்ணாக்கு இங்கே ஒரு நல்ல துணை. வேம்பில் உள்ள சில சேர்மங்கள் அந்த அம்மோனியம் தின்னும் பாக்டீரியாக்களை மந்தப்படுத்துகின்றன. ஷ்லோசிங் குளோரோஃபார்மால் முற்றிலும் நிறுத்தியதை வேம்பு பாதி வேகத்துக்கு இறக்குகிறது என்று சொல்லலாம். தில்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ராஜேந்திர பிரசாதும் உடன் இருந்தவர்களும் 1971 வாக்கிலேயே நெல்லில் இதைக் காட்டினார்கள். அரசாங்கம் 2015இல் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சைக் கட்டாயமாக்கியது. யூரியாவே தொடாத விவசாயிக்கும் அதே தத்துவம் உதவும்: எருவோடும் ஆட்டுப்புழுக்கையோடும் வேப்பம் புண்ணாக்கைக் கலந்து இட்டால் தழைச்சத்து அம்மோனியமாகவே இன்னும் சில நாள் களிமண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். நடவுக்கு முந்தைய அந்தச் சில நாட்கள்தான் விலை மதிப்புள்ளவை.

கொட்டகைக்கு வருவோம். ஆல்பர்ட் ஹோவர்ட் இந்தூரில் 1924 முதல் 1931 வரை நடத்திய ஆராய்ச்சியைக் கம்போஸ்ட்டுக்காகத்தான் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது கொட்டகைத் தரை. அவர் சிமென்ட் போடவில்லை. மண் தரையே இருக்கட்டும், மாட்டு மூத்திரத்தை அது குடிக்கட்டும், சில மாதத்துக்கு ஒருமுறை மேல் மண்ணை வெட்டியெடுத்துக் கம்போஸ்ட் குவியலில் சேர்த்துவிட்டுப் புது மண் போடுங்கள் என்றார். வெடியுப்புக்காரர்கள் சுரண்டிக்கொண்டு போன அதே மண்ணை அவர் உழவனுக்கு மீட்டுக் கொடுத்தார். மண்ணை வெட்ட ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில், வைக்கோல் கூளம், வேர்க்கடலைத் தோல், மரத்தூள் எதையாவது மாட்டின் பின்கால் பக்கம் பரப்பி, காலையில் சாணத்தோடு சேர்த்து வாரிவிடலாம். வேர்க்கடலைத் தோலுக்கு உத்திரமேரூர் பக்கம் பஞ்சமில்லை.

கூளத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. வைக்கோலில் கரி நிறைய, தழைச்சத்து கொஞ்சம். அதைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் தங்கள் உடம்பைக் கட்டத் தழைச்சத்துக்கு அலையும். கோமியத்தில் கரைந்திருப்பதை இழுத்துத் தங்கள் உடம்பாக்கிக்கொள்ளும். உப்பாக இருந்தது உயிராகிவிட்டால் மழைக்கு அவ்வளவு எளிதில் அகப்படாது. இப்படி வாரியதை ஒரு மீட்டர் ஆழக் குழியில் நிரப்பி, மேடாக்கி, சாணமும் மண்ணும் குழைத்து மெழுகிவிட்டால், முதலில் சொன்ன டீ நிற நீர் வடிய வழியே இல்லை. வேளாண் பல்கலைக்கழகம் பல வருஷமாகச் சொல்லிவரும் முறைதான். ஊரில் குழி வெட்டியவர்களைவிடக் குவியல் போடுகிறவர்களே அதிகம். குழியிலிருந்து எருவை வெளியே எடுப்பது முதுகு ஒடியும் வேலை என்பது காரணம். குவியலே ஆனாலும் மேட்டுப்பாங்கான இடம், மேலே தென்னங்கீற்று, கிணற்றை விட்டுத் தள்ளி என்ற மூன்று இருந்தால் பாதி இழப்பைத் தடுத்துவிடலாம்.

சம்பா நட்டாகிவிட்டது, கழனியில் நீர் நிற்கிறது. இப்போது நைட்ரேட் இறங்காதா? பெரிதாக இறங்காது. சேடை ஓட்டியதில் மேல்மண் குழைந்து, அதன் அடியில் ஒரு சாண் ஆழத்தில் கெட்டியான ஒரு படலம் உருவாகிவிடுகிறது. அதனால்தான் நெற்கழனியில் தண்ணீர் நிற்கிறது. நீருக்கடியில் காற்றும் இல்லை. நடவு வயலில் கை விட்டுச் சேற்றை அள்ளிப் பார்த்தால் மேலே சில மில்லிமீட்டர் பழுப்பு, அதன் கீழே எல்லாம் சாம்பல் நிறம். அந்தப் பழுப்புத் தோலில் மட்டும்தான் ஆக்சிஜன். நைட்ரேட் உருவாவதும் அங்கேதான். சாம்பல் நிறச் சேற்றில் தழைச்சத்து அம்மோனியமாகவே கிடக்கிறது, நெல் வேரும் அதை அப்படியே விரும்பி எடுக்கிறது. எருவைச் சேற்றுக்குள் மிதித்துவிட வேண்டும், மேலே தூவிவிட்டுப் போகக்கூடாது என்பதன் காரணம் இந்தச் சில மில்லிமீட்டர் தோலில் இருக்கிறது.

சிக்கல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும் கழனியில் வரும். ஒற்றை நாற்று நடவில் அதுதான் முறை. தண்ணீர் மிச்சமாகிறது, மீத்தேன் குறைகிறது, தூரும் நன்றாக வெடிக்கிறது. அதற்கு ஒரு விலையும் உண்டு. காய்ச்சலில் காற்று புகுந்து நைட்ரேட் உருவாகும், பாய்ச்சலில் அது போய்விடும். களிமண் வெடிப்பு விரல் நுழையும் அளவுக்கு அகன்றுவிட்டால் பாய்ச்சிய நீர் வேரைத் தொடாமலே வெடிப்பு வழியாகக் கீழே ஓடும். மயிரிழை வெடிப்பு கண்டதும் பாய்ச்சு என்று சொல்வது தண்ணீருக்காக மட்டும் சொன்னதில்லை.

இத்தனைக்கும் பிறகு தப்பிப்போவது எங்கே போகிறது? செங்கற்பட்டு, காஞ்சிபுரம் சீமையில் ஒரு கழனியின் வடிகால் இன்னொரு ஏரியின் வரத்துக்கால். மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் கீழ் ஏரிக்கு. மாகறலுக்குப் பக்கத்திலுள்ள உத்திரமேரூரின் வயிரமேக தடாகம் பல்லவர் காலத்தது. 919, 921 ஆண்டுகளின் பராந்தகச் சோழன் கல்வெட்டுகளைக் குடவோலைக்காக எல்லோரும் பேசுகிறோம். அந்தக் குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களில் ஒன்று ஏரி வாரியம். ஏரியில் தூர் எடுப்பதற்கென்றே பொன் வைத்தவர்களின் கல்வெட்டுகளும் அந்த ஊரில் உண்டு. மழையில் கரைந்து ஓடும் மேல்மண்ணோடு போகிற மணிச்சத்தும் களியும் மக்கும் ஏரி வண்டலாகப் படிகின்றன. அதை வண்டியில் ஏற்றிக் கழனிக்குத் திரும்பக் கொண்டுவருவது பழைய பழக்கம். 2017இல் தமிழக அரசு விவசாயிகள் இலவசமாக வண்டல் எடுக்க வழி செய்தது. மணல் கலந்த செம்மண்ணுக்கு வண்டல் அடித்தால் களி கூடுகிறது. களி கூடினால் அம்மோனியத்தையும் சாம்பல் சத்தையும் பிடித்துக்கொள்ளும் இடம் கூடுகிறது. ஆனால் வண்டலில் நைட்ரேட் வராது. அது மண்ணோடு படிவதில்லை, நீரோடு நிலத்தடிக்குப் போய்விட்டது.

அதாவது கிணற்றுக்கு. செய்யாற்றோர மணற்பாங்கான நிலத்தில் அந்தப் பயணம் நீண்டதில்லை. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் வரம்பு. 1945இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஹன்டர் காம்லி என்ற மருத்துவர், பண்ணைக் கிணற்று நீரில் பால்மாவு கலந்து கொடுத்த கைக்குழந்தைகள் நீலம் பாரித்ததை எழுதியதிலிருந்து தொடங்கும் கவலை இது. நைட்ரேட் நைட்ரைட்டாகி, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடுகிறது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம், பெரியவர்கள் தாங்கிக்கொள்வார்கள். தண்ணீரைக் காய்ச்சினால் நைட்ரேட் போகாது, நீர் வற்றும் அளவுக்குக் கூடத்தான் செய்யும்.

அதே நீர் மோட்டார் போட்டுக் கழனிக்கு வரும்போது உரம். 45 மில்லிகிராம் நைட்ரேட்டில் தழைச்சத்து 10 மில்லிகிராம். ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு முறை பாய்ச்சினால் ஹெக்டேருக்கு ஐந்து லட்சம் லிட்டர், அதில் ஐந்து கிலோ தழைச்சத்து. நவரைப் பட்டம் முழுவதும் இருபது முறை பாய்ச்சினால் நூறு கிலோ. சேற்றில் இதில் கணிசமான பங்கு வாயுவாகிப் போய்விடும் என்பதால் நெல்லுக்கு அப்படியே கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது. கத்தரியோ வெண்டையோ தீவனச் சோளமோ என்றால் எடுத்துக்கொள்ளலாம், எருவை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். மாட்டுக்குத் தீவனம், அதற்கு நீர் தன் கிணற்றிலிருந்து, மாட்டெரு மறுபடி கழனிக்கு என்று சுற்றும் பண்ணையில் கீழே தப்பியது தீவனப் பயிர் வழியாக மாட்டின் வாய்க்கே திரும்பி வருகிறது. மாடு வைத்து விவசாயம் செய்கிறவருக்கு மட்டும் கிடைக்கும் வசதி இது.

இதையெல்லாம் தன் நிலத்தில் அளந்து பார்க்க ஒருவர் ஆசைப்பட்டால் மண்வள அட்டையை எடுப்பார். அதில் தழைச்சத்து என்று ஓர் எண் இருக்கும். அந்த எண் 1956இல் சுப்பையாவும் அசிஜாவும் வகுத்த பெர்மாங்கனேட் முறையில் வருவது. மக்கிலிருந்து எளிதில் கழன்று வரக்கூடிய தழைச்சத்தைத்தான் அது சொல்லும். நைட்ரேட் அதில் அடங்காது. கிடை போட்ட கழனியில் வைகாசியில் எவ்வளவு சேர்ந்தது, ஆவணியில் எவ்வளவு போனது என்பதை அட்டை காட்டாது. காட்டக்கூடியது கிணறுதான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு தையில் ஒருமுறை, கோடையின் கடைசியில் ஒருமுறை என்று அரை லிட்டர் நீரைச் சுத்தமான பாட்டிலில் எடுத்து, வெயில் படாமல், அன்றைக்கே தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து நைட்ரேட் மட்டும் பார்க்கச் சொன்னால் போதும். தை மாத எண் கோடை எண்ணைவிடத் தெளிவாகக் கூடியிருந்தால், போன வைகாசியில் போட்ட கிடைக்கும் சம்பாவுக்கும் நடுவே தக்கைப்பூண்டு விதைத்தாரா இல்லையா என்பதை முதலில் அவர் யோசித்துப் பார்க்கலாம். எருக்குவியல் கிணற்றடியிலேயே இருக்கிறதா என்பது இரண்டாவது.